விடை தெரியாத கருவிக்குத் தேவைகளை எழுதுவது எப்படி

அறிவியல் கருவிகள் கட்டும் குழுக்களில் நான் செய்யும் வேலை இதுதான்: விஞ்ஞானிகள் ஆசைப்படுவதை, பட்டறையில் இருப்பவர்கள் கட்டி, சோதித்து, கையெழுத்துப் போடக்கூடிய வாக்கியங்களாக எழுதித் தருவது. சிஸ்டம்ஸ் இன்ஜினியர் என்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் தொழிற்சாலைத் திட்டங்களிலோ மென்பொருள் திட்டங்களிலோ பழகியவர்கள். அங்கே கேட்கிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று ஓரளவாவது தெரிந்திருக்கும். மின்தூக்கி எத்தனை பேரைச் சுமக்க வேண்டும் என்பதைக் கட்டடத்தின் வரைபடமே சொல்லிவிடும். ஆராய்ச்சிக் கருவி அப்படியல்ல. யாரும் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்க்கத்தான் அதைக் கட்டுகிறோம். அது எவ்வளவு மங்கலாக இருக்கும், எத்தனை முறை வரும், அப்படி ஒன்று இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. ஆனால் கண்ணாடியின் விட்டத்துக்கு இன்றைக்கே ஓர் எண் வேண்டும். எண் இல்லாமல் யாரிடமும் ஆர்டர் கொடுக்க முடியாது.

அந்த எண்ணை எங்கிருந்து கொண்டுவருவது, எப்படி எழுதி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். புதியவர்களிடம் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்று உண்டு. தேவைப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எந்த ஊகத்திலிருந்து பிறந்தது என்பதையும் எழுதுங்கள். ஆராய்ச்சித் திட்டத்தில் எண்கள் மாறாமல் இருக்காது. காரணம் எழுதப்படாத எண்ணை மாற்ற யாருக்கும் துணிவு வராது. துணிந்து மாற்றினாலும், அதனால் வேறு எங்கே என்ன உடையும் என்று யாருக்கும் தெரியாது.

இயற்கையின் பங்கும் உங்கள் பங்கும்

முதல் கூட்டத்தில் விஞ்ஞானி சொல்லும் இலக்கு பெரும்பாலும் "ஈர்ப்பலைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்ற பாணியில் இருக்கும். கருந்துளைகள் மோதுவது போன்ற நிகழ்வுகளில் வெளியே சற்று நீண்டு சுருங்கிப் பரவும் அலைகள் அவை. கனவாக அது சரிதான். ஆனால் அதையே தேவையாக எழுதிவிட்டால், குழுவின் கையில் இல்லாத ஒன்றுக்குக் குழு பொறுப்பேற்க வேண்டியதாகிவிடும். பிரபஞ்சத்தில் இரண்டு கருந்துளைகள் எப்போது மோதும் என்பதை எந்தப் பொறியாளரும் தீர்மானிக்க முடியாது.

அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ இதைச் சரியாகக் கையாண்டது. 4 கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட அந்தக் கருவிகளின் முதல் தலைமுறைக்கு வகுக்கப்பட்ட இலக்கு கண்டுபிடிப்பு அல்ல, நுண்ணுணர்வு. நீளத்தில் 10இன் −21ஆம் அடுக்கு அளவு விகித மாற்றம் ஏற்பட்டால், அது 100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அதிர்வெண் பட்டையில் கருவியின் இரைச்சலுக்குள் புதைந்துவிடக் கூடாது. 4 கிலோமீட்டரில் இது புரோட்டான் விட்டத்தின் சில நூறில் ஒரு பங்கு. கருவி 2002இலிருந்து 2010 வரை விட்டுவிட்டு இயங்கியது. நடுவில் வடிவமைத்த நுண்ணுணர்வையும் எட்டியது. ஒரு ஈர்ப்பலைகூடச் சிக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கட்டத்தைத் தோல்வி என்று யாரும் மூடிவிடவில்லை. எழுதி வைத்த தேவையைக் கருவி நிறைவேற்றியிருந்தது. அடுத்த தலைமுறைக்கான இலக்கு பத்து மடங்கு நுண்ணுணர்வு. பத்து மடங்கு தொலைவு எட்டினால், கேட்கும் வெளியின் கன அளவு ஆயிரம் மடங்காகும். முன்பு ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்து கேட்க வேண்டியதை ஓராண்டில் கேட்கலாம். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் அலை பதிவானது.

ஆகவே இலக்கை இரண்டு படிகளாக எழுதுங்கள். மேல் படியில் அறிவியல் கேள்வி. கீழ்ப் படியில், அந்தக் கேள்விக்கு விடை இருக்குமானால் அதைக் காணும் திறனை உறுதிசெய்யும் அளவு. கீழ்ப் படிக்குத்தான் பொறியாளர் கையெழுத்துப் போடுவார்.

மேல் படியின் கேள்வி நல்ல கேள்விதானா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. "நீங்கள் தேடுவது அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு என்ன?" என்று கேட்பேன். விஞ்ஞானி உடனே பதில் சொன்னால் அது நல்ல கேள்வி. புரோட்டான்களை மோதவிடும் முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதுவிப்பான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கக் கோட்பாடு முன்வைத்த ஹிக்ஸ் துகளைத் தேடினார்கள். அதன் நிறை எவ்வளவு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. 114 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இல்லை என்று அதற்கு முந்தைய முடுக்கி காட்டியிருந்தது. மறுபக்கம், ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குள் ஹிக்ஸோ அதன் வேலையைச் செய்யும் வேறு ஏதோ ஒன்றோ தென்பட்டே ஆக வேண்டும் என்று கோட்பாடு சொன்னது. ஆகவே அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு உணர்கருவிகளும் அந்த இடைவெளி முழுவதையும் அலசும்படி வகுக்கப்பட்டன. 2012 ஜூலை 4 அன்று ஏறத்தாழ 125இல் துகள் அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்படாமலே போயிருந்தாலும் அது இயற்பியலைப் புரட்டிப்போடும் செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

எதைச் செய்யப் போவதில்லை என்பதையும் இதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஈட்டர் இணைவு உலையின் இலக்கு, 50 மெகாவாட் வெப்பத்தைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தி 500 மெகாவாட் இணைவு ஆற்றல் எடுப்பது, அதையும் சில நூறு விநாடிகள் தாங்கிப் பிடிப்பது. அது மின்சாரம் தயாரிக்காது. இந்த ஒரு எல்லைக்கோடு டர்பைன், ஜெனரேட்டர் என்று ஒரு முழுத் துறையையே திட்டத்திலிருந்து வெளியே வைத்துவிடுகிறது. பொதுமக்கள் பேச்சில் இந்த எல்லை அடிக்கடி கலைந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆவணத்தில் அது கலையாமல் இருப்பது நம் பொறுப்பு.

கேள்வியிலிருந்து எண்ணுக்கு: கெப்ளரின் கணக்கு

எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பயில நான் எல்லோரிடமும் எடுத்து வைப்பது கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் கணக்கைத்தான். பேனா எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றி, பூமி அளவுள்ள கோள்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன? வழி: கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி சற்றே மங்கும், அந்த மங்கலை அளப்பது. சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல் 109 மடங்கு. பரப்பு விகிதம் 109இன் வர்க்கத்தில் ஒன்று. அதாவது பத்து லட்சத்தில் 84 பங்கு ஒளி குறையும். இதுதான் இயற்கை தரும் சமிக்ஞை. இதை யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

அடுத்து, எவ்வளவு உறுதியாகக் காண வேண்டும்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் பார்க்கும்போது, வெறும் இரைச்சல் தற்செயலாகக் கோள் போல் தோன்றும் வாய்ப்புகள் கோடிக்கணக்கில் குவியும். அவற்றில் ஒன்றுகூட ஏமாற்றாமல் இருக்க வேண்டுமானால், சமிக்ஞை இரைச்சலைப்போல் 7.1 மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பூமி போன்ற கோள் ஆண்டுக்கு ஒரு முறைதான் கடக்கும். நான்கு கடப்புகளைச் சேர்த்தால் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் நான்கின் வர்க்கமூலம், அதாவது இரண்டு மடங்கு உயரும். ஆகவே ஒரு கடப்பில் நான்கு மடங்கு கிடைத்தால் போதும். 84ஐ நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 20. தேவை பிறந்துவிட்டது: 12ஆம் ஒளிப்பொலிவெண் (வானில் தெரியும் பிரகாசத்தின் அளவு, எண் கூடக்கூட மங்கல்) கொண்ட சூரியன் போன்ற விண்மீனுக்கு, ஆறரை மணி நேரத்தில், மொத்த இரைச்சல் பத்து லட்சத்தில் 20க்கு மேல் போகக் கூடாது.

இதோடு நிற்காமல் அந்த 20ஐப் பங்கு பிரித்தார்கள். ஒளித்துகள் எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு 14. கருவிக்கு 10. விண்மீன் தானே மினுங்குவதற்கு 10. ஒன்றையொன்று சாராத இரைச்சல்களை வர்க்கம் எடுத்துத்தான் கூட்ட வேண்டும்: 196, 100, 100 சேர்ந்து 396, அதன் வர்க்கமூலம் 20க்கு ஒரு மயிரிழை கீழே. இப்போது ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். 14 என்ற பங்கு ஒளியியல் குழுவிடம் போகிறது: அந்த அளவுக்கு இரைச்சல் அடங்க வேண்டுமானால் ஆறரை மணி நேரத்தில் ஏறத்தாழ 500 கோடி ஒளித்துகள்கள் வந்து சேர வேண்டும், அதற்கு இவ்வளவு பெரிய துளை வேண்டும். கருவியின் 10 மின்னணுக் குழுவுக்கும் தொலைநோக்கியை ஆடாமல் பிடிக்கும் குழுவுக்கும் மேலும் உடைக்கப்படுகிறது. கோள்கள் பற்றிய கேள்வி இப்படித்தான் கண்ணாடியின் விட்டமாக மாறுகிறது.

கடைசிப் பத்துக்கு மட்டும் பொறுப்பாளர் யாரும் இல்லை. விண்மீனின் மினுங்கல் இயற்கையின் பங்கு. நன்றாக அளக்கப்பட்ட ஒரே விண்மீனான நம் சூரியனைப் பார்த்து அந்த எண்ணை எடுத்தார்கள். அன்றைக்கு அதைவிட நல்ல ஊகம் கிடையாது. 2009 மார்ச்சில் கெப்ளர் ஏவப்பட்டு, தரவு சேர்ந்த பிறகு, மற்ற விண்மீன்கள் சூரியனைவிடச் சலனமானவை என்று தெரிந்தது. மினுங்கலின் பங்கு 10க்குப் பதில் ஏறத்தாழ 20. மொத்த இரைச்சல் 30ஐ நெருங்கியது.

பங்கு பிரித்து எழுதி வைத்திருந்ததால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். கருவியைக் குறை சொல்லி யாரும் திசை தவறிப் போகவில்லை. எந்த ஊகம் தவறியது என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது. மருந்தும் அதே கணக்கிலிருந்தே வந்தது: 84ஐ 30ஆல் வகுத்தால் 2.8, 7.1ஐ எட்ட ஆறுக்கும் மேற்பட்ட கடப்புகள் வேண்டும். ஆகவே மூன்றரை ஆண்டுத் திட்டத்தை நீட்டிக்க வேண்டும். அந்த நீட்டிப்பு 2012இல் ஒப்புக்கொள்ளவும்பட்டது. 2013 மே மாதம், தொலைநோக்கியைத் திசை மாறாமல் பிடிக்கும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதாகி அந்தக் கண்காணிப்பு நின்றது வேறு கதை.

உங்கள் திட்டத்துக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். ஓரிரு நாள் ஒதுக்கினால் முதல் வரைவு வந்துவிடும். சமிக்ஞை, தேவையான உறுதி, அதிலிருந்து வரும் மொத்த இரைச்சல், பங்கீடு, ஒவ்வொரு பங்கின் பொறுப்பாளர், ஒவ்வொன்றின் ஊகம். பொறுப்பாளர் இல்லாத பங்குகளுக்கு அடியில் கோடு போடுங்கள். ஆபத்துப் பட்டியலின் முதல் வரிகள் அவைதான். அந்த ஊகம் தவறினால் எந்தக் கைப்பிடியைத் திருப்பலாம், கூடுதல் நேரமா, பிரகாசமான இலக்குகளா, அதிக மாதிரிகளா என்பதையும் அருகிலேயே குறித்துவிடுங்கள்.

விஞ்ஞானியிடம் எப்படிக் கேட்பது

"உங்களுக்கு என்ன துல்லியம் வேண்டும்?" என்று கேட்டால் "முடிந்தவரை" என்றுதான் பதில் வரும். கேள்வி அப்படி இருந்தால் பதிலும் அப்படித்தான் இருக்கும். மூன்று கேள்விகள் எனக்கு எப்போதும் உதவியிருக்கின்றன. இது இரண்டு மடங்கு மோசமானால் எந்த வரைபடம் கெடும்? இரண்டு மடங்கு நன்றாக இருந்தால் புதிதாக எதைச் செய்வீர்கள்? இந்த எண் எங்கிருந்து வந்தது?

அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்றில் உணர்கருவியின் வெப்பநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். குழுவின் தலைமை விஞ்ஞானி, அனுபவசாலி. "ஒரு மில்லிகெல்வினுக்கு மேல் ஆடவே கூடாது" என்றார். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. அந்தத் தேவைக்கு இரண்டு அடுக்குக் கட்டுப்பாடு, விலையுயர்ந்த வெப்பநிலைமானி, தனி மின்சுற்று எல்லாம் வேண்டியிருந்தன.

"ஆடினால் என்ன ஆகும், மேடம்?" என்றேன்.

"இருள் மின்னோட்டம் மாறும். மங்கலான கோடுகள் போய்விடும்." ஒளியே படாதபோதும் உணர்கருவியில் ஓடும் மின்னோட்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். ஒளியை மறைத்து இருள் படம் எடுத்தால் அதை அளந்து கழித்துவிடலாம்.

"இருள் படம் எடுத்துக் கழிக்கிறீர்கள் இல்லையா? எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை?"

"பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை." சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்படியானால் பத்து நிமிடத்துக்குள் நடக்கும் ஆட்டம்தான் முக்கியம். நாள் முழுக்க மெதுவாக நகர்ந்தால் எனக்குக் கவலை இல்லை."

இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம். அவர் தேடிய மிக மங்கலான கோட்டுக்கு, இரண்டு இருள் படங்களுக்கு இடையில் 20 மில்லிகெல்வின் வரை தாங்கும் என்று வந்தது. மெதுவான நகர்வுக்கு அதைவிடப் பல மடங்கு தளர்வான தனி வரம்பு. சாதாரண ஹீட்டர் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்றே போதுமானதாகிவிட்டது. அதைவிட முக்கியம், பத்து நிமிட இடைவெளி என்பது இயக்க மென்பொருளுக்கு ஒரு தேவையாகப் புதிதாக எழுதப்பட்டது. அதுவரை அது ஒருவரின் பழக்கமாக மட்டுமே இருந்தது. பின்னால் யாராவது நேரத்தை மிச்சப்படுத்த அதை அரைமணி ஆக்கியிருந்தால், வெப்பநிலைத் தேவை ஓசையில்லாமல் உடைந்திருக்கும்.

இந்த உரையாடலில் யாரும் யாரையும் வெல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். விஞ்ஞானியின் அறிவுதான் விடையைத் தந்தது. நாம் அளவை நேரத்தோடு சேர்த்துக் கேட்டோம், அவ்வளவுதான். "எவ்வளவு" என்பதோடு "எந்தக் கால அளவில்", "எந்த அலைநீளத்தில்", "எந்த நிலையில்" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாக்கியம்

ஒரு வாக்கியத்தில் ஒரு தேவை. "மற்றும்" வந்தால் இரண்டாக வெட்டுங்கள், ஏனென்றால் ஒன்று தேறி மற்றொன்று தவறும் நாள் வரும். "போதுமான", "உகந்த", "எளிதான", "முடிந்தவரை" ஆகிய சொற்களை நீக்குங்கள். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் அலிஸ்டர் மேவினும் சக பொறியாளர்களும் உருவாக்கி 2009இல் வெளியிட்ட ஈயர்ஸ் என்ற எழுத்துமுறை இதற்கு நல்ல துணை. எப்போதும் பொருந்தும் தேவை, ஒரு நிகழ்வு நடந்தால் பொருந்துவது, ஒரு நிலை நீடிக்கும்வரை பொருந்துவது, வேண்டாத ஒன்று நடந்தால் என்ன செய்வது, ஒரு விருப்ப உறுப்பு இருந்தால் மட்டும் பொருந்துவது என்று சில வார்ப்புகள் அதில் உண்டு. தமிழ் வாக்கிய அமைப்புக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. நிபந்தனை முன்னால் வந்து வினை கடைசியில் வரும். "குளிர்விப்பான் நின்றால், கட்டுப்பாட்டு அமைப்பு 2 விநாடிக்குள் உணர்கருவியின் மின்னழுத்தத்தைத் துண்டிக்க வேண்டும்." யார் செய்ய வேண்டும், எப்போது, எவ்வளவு நேரத்துக்குள் எல்லாம் இருக்கிறது. சோதிக்கலாம்.

தீர்வைத் தேவையாக வேடம் போட விடாதீர்கள். "பெல்டியர் குளிர்விப்பான் (மின்னோட்டத்தால் குளிர்விக்கும் சிறு சாதனம்) பொருத்த வேண்டும்" என்பது ஒருவருடைய யோசனை. உணர்கருவி எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பதே தேவை. ஆனால் இதில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒரு திரவ நைட்ரஜன் அமைப்பு இருந்து, அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், அதைக் கட்டுப்பாடு என்று தனித் தலைப்பில் நேர்மையாக எழுதிவிடலாம்.

எங்கே விட்டுக்கொடுப்பது என்பதை முன்பே எழுதுவது

பணமும் காலமும் குறையும்போது எதை விடுவது என்ற பேச்சு எல்லாத் திட்டங்களிலும் வரும். அந்த நேரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள், அவரவர் பகுதியைக் காப்பாற்றுவதிலேயே கண்ணாக இருப்பார்கள். அமைதியான ஆரம்ப நாட்களிலேயே இதைப் பேசி எழுதிவிடுங்கள். நாசாவின் அறிவியல் திட்டங்களில் இதற்கு இரண்டு மட்டங்கள் உண்டு. முழு அறிவியல் பலனைத் தரும் மட்டம் ஒன்று. எதற்குக் கீழே போனால் திட்டத்தைத் தொடர்வதில் பொருளில்லையோ அந்தக் குறைந்தபட்ச மட்டம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய நிலம். அதில் எது முதலில் போகும், எது கடைசியில் போகும் என்ற வரிசையை விஞ்ஞானிகளே போட வேண்டும்.

தேவையையும் ஆசையையும் ஒரே பட்டியலில் கலக்காமல் வைப்பதும் இதைச் சேர்ந்ததே. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆயுளுக்குத் தேவை 5 ஆண்டு, இலக்கு 10 ஆண்டு. வடிவமைப்பு நிரூபித்தாக வேண்டியது 5. எரிபொருள் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களை எடுத்துச் சென்றது 10ஐ மனத்தில் வைத்து. 2021 டிசம்பர் 25 அன்று ஏரியன் 5 ஏவூர்தி அதை மிகத் துல்லியமாகச் செலுத்தியதால் மிஞ்சிய எரிபொருள் 20 ஆண்டுக்கும் மேல் வரும் என்று பிறகு கணித்தார்கள். 10 என்பதையே தேவையாக எழுதியிருந்தால் ஒவ்வொரு மின்னணுச் சில்லும் பத்தாண்டுக்குச் சோதிக்கப்பட வேண்டியிருக்கும். அந்தச் செலவைத் திட்டம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

பழைய திட்டத்திலிருந்து வருபவை

முந்தைய கருவியின் ஆவணத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம் எங்கும் உண்டு. நேரம் மிச்சமாகும்தான். ஆனால் ஊகங்கள் எழுதப்படாத ஆவணமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியன் 5 புறப்பட்டு 40 விநாடிக்குள் சிதறியது. அதன் வழிகாட்டும் அமைப்பு ஏரியன் 4இலிருந்து வந்தது. தரையில் இருக்கும்போது திசையைச் சரிசெய்யும் ஒரு நிரல், புறப்பட்ட பிறகும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பழைய ஏவூர்திக்கு ஒரு தேவை இருந்தது. கவுன்ட்டவுன் கடைசி நேரத்தில் தடைபட்டால் விரைவாக மறுபடி தொடங்க அது உதவியது. ஏரியன் 5க்கு அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் நிரல் ஓடியது. புதிய ஏவூர்தியின் கிடைமட்ட வேகம் பழையதைவிட மிக அதிகம். 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் பிழை எழுந்தது. மாற்று அமைப்பிலும் அதே நிரல்தான் இருந்தது. அதுவும் அதேபோல் நின்றது. விசாரணைக் குழு சொன்னதில் என்னை மிகவும் பாதித்தது நிரல் பிழை அல்ல. அந்த வழிகாட்டும் அமைப்பின் தேவை ஆவணத்தில், ஏரியன் 5 எந்தப் பாதையில் பறக்கும் என்ற தகவலே சேர்க்கப்படவில்லை என்பதுதான். அது எழுதப்பட்டிருந்தால் ஒரு சோதனை நடந்திருக்கும்.

இரு குழுக்கள் சந்திக்கும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும். 1999இல் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததற்கு, உந்துவிசைத் தரவு நியூட்டன் விநாடிக்குப் பதில் பவுண்ட் விநாடியில் வந்ததே காரணம், 4.45 மடங்கு வேறுபாடு. மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று, இரு குழுக்களும் எதை எப்படிக் கைமாற்றுவது என்று வகுக்கும் இடைமுக ஆவணத்தில் எழுதியே இருந்தது. அந்த வரியைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போயிற்று. இடைமுகத் தேவைக்கு இரண்டு பெயர்களை எழுதுங்கள்: தருபவர் ஒருவர், பெற்றுச் சோதிப்பவர் ஒருவர்.

இன்னும் தெரியாத எண்கள்

பட்டியலில் காலி இடங்கள் இருப்பது குற்றமல்ல. காலி இடத்தை மறைக்க ஒரு எண்ணை இட்டு நிரப்புவதுதான் ஆபத்து. ஆறு மாதத்தில் அது ஊகம் என்பதே மறந்துபோய் எல்லோரும் அதன்மேல் கட்டத் தொடங்கிவிடுவார்கள். "பின்னர் தீர்மானிக்கப்படும்" என்று வெளிப்படையாக எழுதி, அதோடு மூன்று விவரம் சேர்க்க வேண்டும்: யார் தீர்மானிப்பார், எந்தச் சோதனையால், எந்தத் தேதிக்குள். தேதியை நாள்காட்டியைப் பார்த்து வைக்கக் கூடாது. அந்த எண் இல்லாமல் எந்த வேலை நின்றுபோகுமோ அந்த வேலையின் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள்.

தொழில்நுட்பமே இன்னும் பிறக்காதபோது இது இன்னும் கடுமை. நாசா வகுத்த 1 முதல் 9 வரையிலான தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் இங்கே பயன்படும். 1 என்றால் அடிப்படைக் கொள்கை தெரிகிறது. 6 என்றால் மாதிரி ஒன்று உண்மைச் சூழலை ஒத்த இடத்தில் வேலை செய்து காட்டியிருக்கிறது. 9 என்றால் பணியில் வென்றிருக்கிறது. ஜேம்ஸ் வெப் குழு, தனக்குத் தேவைப்பட்ட புதிய தொழில்நுட்பங்களை முதற்கட்ட வடிவமைப்பு ஆய்வுக்கு முன்பே, 2007 தொடக்கத்தில், ஆறாம் நிலைக்குக் கொண்டுவந்து காட்டியது. பிறகும் அந்தத் திட்டம் செலவிலும் காலத்திலும் மிகவும் நீண்டது என்பது உண்மை. ஆனால் எந்த அறிவியல் தேவையையும் "இது கட்ட முடியாதது" என்று பாதியில் கைவிட நேரவில்லை. உங்கள் தேவை ஒன்று மூன்றாம் நிலைத் தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்தால், அதன் பக்கத்தில் மாற்று வழியையும் அந்த மாற்றால் இழக்கும் அறிவியலையும் எழுதுங்கள்.

எப்படி நிரூபிப்பது

தேவையை எழுதும் அன்றே அதை எப்படி நிரூபிப்பது என்பதையும் எழுதுங்கள். சோதனையா, கணக்கீடா, நேரில் பார்ப்பதா, இயக்கிக் காட்டுவதா. எழுத முடியவில்லை என்றால் தேவை இன்னும் தெளிவாகவில்லை.

அடுத்து, நிரூபிக்கும் கருவியே தவறினால் என்ன செய்வது? ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி மிக நுணுக்கமாகத் தேய்க்கப்பட்டது, ஆனால் தவறான வடிவத்துக்கு. அளக்கும் சாதனத்துக்குள் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்தது. கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. வேறு இரண்டு எளிய சோதனைகள் இந்தப் பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1990இல் ஏவிய பிறகே உலகம் அறிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே, திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய தேவைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு நிரூபணங்களைக் கேளுங்கள். இரண்டாவது துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. பெரிய பிழையைக் காட்டினால் போதும். இரண்டும் முரண்பட்டால் காரணம் தெரியும்வரை வேலை நகராது என்ற வரியையும் தேவையாகவே எழுதுங்கள்.

மாற்றங்களை ஏற்பது

சந்திரயான்-2இன் விக்ரம் 2019 செப்டம்பரில் தரையிறங்கும்போது மோதியது. சந்திரயான்-3க்குத் தேவைகளைத் திருத்தியபோது இஸ்ரோ கேட்ட கேள்வியே மாறிவிட்டது: எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது என்பதிலிருந்து, எவை எல்லாம் தவறினாலும் எப்படி இறங்குவது என்பதற்கு. இறங்கக்கூடிய பரப்பு 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கால்கள் தாங்க வேண்டிய இறங்குவேகம் விநாடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 ஆனது. கூடுதல் எரிபொருள், திசைவேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி ஆகியவை சேர்ந்தன. 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது. இந்த மாற்றங்களில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பாதுகாப்பைத் தந்தது, என் கணிப்பில், பரப்பை விரித்ததுதான். வன்பொருளில் ஒன்றும் சேர்க்காமல், ஒரு தேவையைத் தளர்த்தி, வழிகாட்டும் மென்பொருளை இறுக்கமான மூலையிலிருந்து விடுவித்தது அது.

உங்கள் திட்டத்தில் மாற்றக் கோரிக்கை வரும்போது ஒரே பக்கப் படிவம் போதும். எந்த எண் மாறுகிறது, எந்த ஊகம் உடைந்ததால் மாறுகிறது, அதே ஊகத்தின்மேல் நிற்கும் மற்றத் தேவைகள் எவை, அறிவியல் கேள்விக்கு விடை கூறும் திறன் கூடுகிறதா குறைகிறதா. மூன்றாவது வரியை நிரப்ப ஊகங்களுக்கும் எண் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நான் "ஊ-1", "ஊ-2" என்று தொடர்வேன். கையெழுத்து இரண்டு: தலைமை விஞ்ஞானி, சிஸ்டம்ஸ் இன்ஜினியர். முதற்கட்ட வடிவமைப்பு ஆய்வுவரை வாரம் ஒரு முறை இருவரும் உட்கார்ந்து இந்தப் படிவங்களைப் பார்க்கலாம். அதன் பிறகு உலோகம் வெட்டத் தொடங்கிவிட்ட பகுதிகளுக்கு மட்டும் பட்டறைப் பொறுப்பாளரையும் மூன்றாவது கையெழுத்தாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.